கடித்தது யார் வீட்டு நாய்? நாய்க்கடியும் இழப்பீட்டு உரிமையும்

2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4.80 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. நாடு முழுவதும் சேர்த்தால் 37 லட்சத்துக்கு மேல். கடிபட்டவர் ஊசி போட்டுக்கொள்கிறார், நாலு நாள் வலியோடு நடமாடுகிறார், பிறகு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். செலவான பணத்தையும் போன கூலியையும் யாரிடமாவது கேட்கலாம் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது, பணம் கட்ட இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறது. நாய்க்கடிக்குத் தனித் தீர்ப்பாயம் கிடையாது. இந்தக் காயத்துக்கு இவ்வளவு என்ற விலைப்பட்டியலும் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் உரிமை இருக்கிறது. அது பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. எந்தச் சட்டத்தின் கதவைத் தட்டுவது என்பதை ஒரே கேள்வி முடிவு செய்யும்: நாய் யாருடைய பொறுப்பில் இருந்தது? கதவு திறக்குமா என்பதை இன்னொரு கேள்வி முடிவு செய்யும்: கடித்த ஓரிரு நாளில் நீங்கள் என்னென்ன காகிதம் சேர்த்தீர்கள்? இந்த அத்தியாயம் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது.

முதலில் உடம்பு

ரேபிஸ் நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைக்க வைக்க ஏறக்குறைய வழியே இல்லை. 2024இல் தமிழ்நாட்டில் 43 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அறிகுறி வருவதற்கு முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம். ஆகவே, சண்டைக்கும் ஸ்டேஷனுக்கும் போகும் முன் குழாயடிக்குப் போங்கள்.

• ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள், மஞ்சள் எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

• உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28ஆம் நாட்களிலும் போடுவார்கள். கடிபட்ட நாள் அல்ல, முதல் ஊசி போட்ட நாள்தான் 0.

• தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் ஊசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டும். மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். முதல் ஊசியிலிருந்து ஏழு நாளைத் தாண்டிவிட்டால் அதைப் போடுவதில் பயனில்லை.

• நாயைக் கொல்லாதீர்கள். அது குற்றம் என்பது ஒருபுறம். உயிரோடு இருக்கும் நாயைப் பத்து நாள் கண்காணித்தால்தான் அதற்கு வெறிநோய் இருந்ததா என்று தெரியும். அது மருத்துவருக்கும் உதவும், வழக்குக்கும் உதவும். ஆனால் கண்காணிப்பு முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கடிபட்டவர் தன் இழப்பைப் பெருக்கிக்கொள்ளாமல் நியாயமான முயற்சி எடுத்தாரா என்று நீதிமன்றம் பார்க்கும். பாதி ஊசியோடு நிறுத்தியவரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

காகிதம் சேர்க்கும் நாட்கள்

நாய்க்கடி வழக்குகள் சட்டம் இல்லாமல் தோற்பதைவிடச் சான்று இல்லாமல் தோற்பதே அதிகம். கீழே உள்ளவற்றை ஒரு பைலில் போட்டு வையுங்கள்.

ஏ.ஆர். காப்பி: அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு ஒன்று இருக்கும். யாருடைய நாய், எந்த இடம், எத்தனை மணி என்று நீங்கள் சொல்வதை மருத்துவர் அதில் எழுதுவார். வழக்கில் மிக எடையுள்ள காகிதம் இதுதான். ஏனென்றால், கேஸ் போடும் எண்ணம் வருவதற்கு முன்பே, ஒரு மூன்றாம் மனிதர் எழுதியது. அவசரத்தில் "நாய் கடித்தது" என்று மட்டும் சொன்னால் அப்படியேதான் பதிவாகும். பிறகு வளர்ப்பு நாய் என்று நீங்கள் சொன்னால், "ஏ.ஆரில் இல்லையே" என்பார்கள். "எதிர்வீட்டில் வளர்க்கும் நாய், இன்ன தெரு, காலை ஏழு மணி" என்று முழுதாகச் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனைக்குப் போனாலும் கேஸ் ஷீட்டில் இதே விவரம் ஏறியதா என்று பாருங்கள்.

ஓ.பி. சீட்டு, ஊசி அட்டை, மருந்து பில்: பில்லில் நோயாளியின் பெயரும் தேதியும் இருக்கட்டும். வெப்பத் தாளில் வரும் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

படங்கள்: கட்டுப்போடும் முன் காயத்தை எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் அளவும் பதிவாகும். பிறகு வாரம் ஒரு படம். தழும்பு எப்படி நிலைத்தது என்பதை அந்த வரிசை காட்டும். கிழிந்த உடையை ரத்தக்கறையோடு அப்படியே எடுத்து வையுங்கள்.

கேமரா பதிவு: கடைகளிலும் அடுக்ககங்களிலும் உள்ள சிசிடிவி பதிவுகள் சில நாளிலோ வாரங்களிலோ தானாக அழிந்து புதியது ஏறும். அன்றைக்கே உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். எந்தக் கருவியிலிருந்து யார் எடுத்தது என்று இப்போதே குறித்து வைத்தால் அப்போது அலைய வேண்டியதில்லை.

சாட்சிகள்: பார்த்தவர் பெயரும் போன் நம்பரும். அந்த நாய் இதற்கு முன் கடித்த ஆட்கள் தெருவில் இருந்தால் அவர்கள் பெயரும். இது ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

வளர்ப்பு நாய் என்றால்

இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று போலீஸ், மற்றது சிவில் நீதிமன்றம். இரண்டிலும் ஒரே நேரத்தில் போகலாம்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதன் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில் தேவையான பாதுகாப்பைச் செய்யாமல் விட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய 289ஆம் பிரிவில் அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. இத்துடன், பிறர் பாதுகாப்புக்கு ஆபத்தாக அசட்டையாக நடந்துகொள்வதைத் தண்டிக்கும் 125ஆம் பிரிவையும் சேர்க்கலாம். காயம் கொடுங்காயமாக இருந்தால் அதில் தண்டனை மூன்று ஆண்டு வரை போகும்.

"கொடுங்காயம்" எது என்பதை 116ஆம் பிரிவு சொல்கிறது. முகம் நிரந்தரமாக விகாரப்படுதல், எலும்போ பல்லோ முறிதல், பதினைந்து நாள் கடும் வலியிலோ அன்றாட வேலை செய்ய முடியாமலோ கிடத்தல் ஆகியவை அதில் அடங்கும். காயச் சான்றிதழில் இது சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்று மருத்துவர் குறிப்பிடுவார். வேலைக்குப் போகாத நாட்களுக்கு மருத்துவச் சான்று கையில் இருப்பது இங்கே கைகொடுக்கும்.

291ஆம் பிரிவு பேசுவது நாயைத் தன் வசம் வைத்திருப்பவரைப் பற்றி. உரிமத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு அது நின்றுவிடாது. முதலாளி ஊரில் இல்லாதபோது நாயைப் பார்த்துக்கொண்ட வாட்ச்மேன், நடக்க அழைத்துப் போன வேலையாள், நாய் விடுதி நடத்துபவர் எல்லோரும் அதற்குள் வரலாம்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைத்தான் பெரும்பாலும் தருவார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதுவே எப்.ஐ.ஆர். ஆகிவிடாது. "நாய் கடிச்சதுக்கெல்லாம் கேஸா? பேசி முடிச்சுக்கங்க" என்று அனுப்பப் பார்த்தால், 291ஆம் பிரிவு போலீசார் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்பதை அமைதியாகச் சொல்லுங்கள். அப்படியும் பதியவில்லை என்றால் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 173(4)ஆம் பிரிவின்படி புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அங்கும் பலன் இல்லையேல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். தண்டனை விதிக்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும்படி உத்தரவிட அதே சட்டத்தின் 395ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனாலும் பெரிய தொகை வேண்டுமென்றால் சிவில் வழக்கே பொருத்தம்.

சிவில் வழக்கில் இரண்டில் ஒன்றை நிறுவ வேண்டும். உரிமையாளர் எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை என்பது ஒன்று: கேட்டைத் திறந்து போட்டார், கயிறு இல்லாமல் தெருவில் விட்டார், லிப்டில் வாய்ப்பூட்டு இல்லாமல் ஏற்றினார். நாய் கடிக்கும் சுபாவம் கொண்டது என்று அவருக்கு முன்பே தெரியும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதை நிறுவிவிட்டால் வழக்கு பெருமளவு சுலபமாகிவிடும். தெரிந்தே ஆபத்தான விலங்கை வைத்திருப்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பு என்பது நம் நீதிமன்றங்கள் பொதுச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்ட பழைய கொள்கை. முன்பு கடிபட்டவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

வாசலில் தொங்கும் "நாய்கள் ஜாக்கிரதை" பலகை தன்னைக் காப்பாற்றும் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். தெருவில் போனவரை நாய் வெளியே வந்து கடித்திருந்தால் அந்தப் பலகை அவருக்கே எதிராகத் திரும்பும். நாய் ஆபத்தானது என்று தெரிந்ததால்தானே எழுதி மாட்டினார்? பலகையை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

உரிமத்தையும் விசாரியுங்கள். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, மைக்ரோசிப் ஆகியவற்றைக் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாதவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. உரிமமோ தடுப்பூசியோ இல்லை என்றால், அது அலட்சியத்துக்கு இன்னொரு சான்று.

தெருநாய் என்றால்

தெருநாய்க்கு உரிமையாளர் இல்லை, பொறுப்பாளர் உண்டு. விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023, தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடும் கடமையை உள்ளாட்சி அமைப்பின் மேல் வைக்கின்றன. உங்கள் ஊருக்கு அது மாநகராட்சியாகவோ நகராட்சியாகவோ பேரூராட்சியாகவோ ஊராட்சியாகவோ இருக்கும்.

2025இல் உச்ச நீதிமன்றம் இதை மேலும் இறுக்கியது. ஆகஸ்ட் 22 உத்தரவின்படி, பிடிக்கும் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது. உணவிடுவதற்கும் தனி இடம் ஒதுக்க வேண்டும். நவம்பர் 7 உத்தரவு, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்றி மறுபடி அங்கே விடக் கூடாது என்றது. ஆகவே இப்படிப்பட்ட ஓர் இடத்துக்குள் கடிபட்டிருந்தால் உங்கள் கோரிக்கைக்குப் பலம் கூடுதல்.

உள்ளாட்சியிடம் இழப்பீடு கேட்க முதல் படி மனு. ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ எழுதும் மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை:

"ஐயா, நான் மேற்படி முகவரியில் வசிக்கிறேன். (தேதி) அன்று மாலை 6 மணியளவில், (தெரு, வார்டு) ரேஷன் கடை அருகே என் மகளைத் தெருநாய் கடித்தது. வலது கன்னத்தில் நான்கு தையல் போடப்பட்டுள்ளது. ஏ.ஆர். நகல், படங்கள், பில்கள் இணைத்துள்ளேன். இதே இடத்தில் நாய்த்தொல்லை இருப்பதாக (தேதி) அன்று தங்கள் அலுவலகத்தில் அளித்த புகாரின் எண் (…). விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023இன்படி தங்கள் அமைப்பு செய்ய வேண்டிய நடவடிக்கை இந்த வார்டில் செய்யப்படாததே இதற்குக் காரணம். சிகிச்சைச் செலவும் காயத்துக்கான இழப்பீடுமாக ரூ. (…) வழங்கவும், அந்த நாயைப் பிடித்துக் கண்காணிப்பில் வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். சென்னைவாசிகள் 1913 எண்ணில் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அது நாயைப் பிடிக்க வைக்க உதவும், ஆனால் இழப்பீட்டு மனுவுக்கு மாற்றாகாது.

அதே வாரத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் வார்டில் எத்தனை நாய்த்தொல்லைப் புகார்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் என்ன நடவடிக்கை, எத்தனை நாய்களுக்குக் கருத்தடை, எவ்வளவு பணம் ஒதுக்கி எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "புகார் வந்தது, நடவடிக்கை இல்லை" என்று அவர்கள் கையெழுத்திலேயே வந்துவிட்டால், கடமை தவறினார்கள் என்பதை நீங்கள் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

மனுவுக்குப் பலன் இல்லையேல் உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, அரசமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். அரசு அமைப்பின் தவறால் உயிர் வாழும் உரிமை பாதிக்கப்பட்டால் ரிட் வழக்கிலேயே இழப்பீடு தரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1983இல் ருதுல் ஷா வழக்கிலும் 1993இல் நீலாவதி பெஹரா வழக்கிலும் நிலைநாட்டியிருக்கிறது. ஆனால் ரிட் வழக்கில் சாட்சி விசாரணை நடப்பது அரிது. நாய் கடித்ததா, எங்கே கடித்தது என்பதிலேயே தகராறு இருந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். ஏ.ஆர். காப்பி தெளிவாக இருப்பவருக்கே இந்தப் பாதை ஏற்றது.

தொகைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தந்த தீர்ப்பைக் காட்டலாம். ஒவ்வொரு பல்தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்துக்கும் குறைந்தது 20,000 ரூபாய் என்றது அது. கேரளத்தில் நாய்க்கடி இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்க நீதிபதி சிரி ஜகன் தலைமையில் ஒரு குழுவை உச்ச நீதிமன்றம் 2016இல் அமைத்தது. பஞ்சாப் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மேற்கோள் காட்டத் தடையில்லை. காயத்தை ஸ்கேல் வைத்துப் படமெடுத்திருந்தால் இங்கே பயன்படும்.

வேலை நேரத்தில், வண்டியில்

தபால்காரர், மீட்டர் ரீடிங் எடுப்பவர், கூரியர் ஊழியர் போன்றவர்கள் பணியின்போது கடிபட்டால் அது பணியிட விபத்து. நாயை வளர்த்தவர் மேல் வழக்குப் போடுகிறாரோ இல்லையோ, முதலாளியிடமோ இ.எஸ்.ஐ.யிடமோ கேட்க உரிமை உண்டு. 2025 நவம்பர் 21 முதல் இதற்கான சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020. சம்பவத்தை அன்றே மேலதிகாரிக்கு எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, தெரிவித்துவிடுங்கள். உணவு டெலிவரி செய்பவர்கள் செயலியிலேயே புகாரைப் பதிந்து, அந்த நேரத்து ஆர்டர் விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பல நிறுவனங்களின் குழு விபத்துக் காப்பீடு, ஆர்டர் நடப்பில் இருந்ததா என்று பார்த்தே பணம் தரும்.

நாய் துரத்தியோ குறுக்கே பாய்ந்தோ பைக்கிலிருந்து விழுந்தவர்கள் தங்கள் வண்டி இன்சூரன்ஸை எடுத்துப் பாருங்கள். அதில் சேர்ந்து வரும் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய். இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே கிடைக்கும். பின்னால் உட்கார்ந்து வந்தவர், ஓட்டியவரின் கவனக்குறைவும் ஒரு காரணம் என்று காட்ட முடிந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

எவ்வளவு கேட்பது?

மனம்போன தொகையைக் கேட்டால் நீதிமன்றம் மனம்போல் வெட்டும். கணக்கோடு கேளுங்கள். தனிநபர் காயத்துக்கான இழப்பீட்டை எந்தெந்தத் தலைப்பில் கணக்கிடுவது என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அது சாலை விபத்து வழக்கு. ஆனாலும் அந்தக் கணக்குமுறையை நாய்க்கடி வழக்கிலும் முன்வைக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் 28 வயதுப் பெண். வாரத்துக்கு 4,200 ரூபாய் சம்பாதிக்கிறார். பக்கத்து வீட்டு நாய் வலது கையைக் கடித்துவிட்டது. ஐந்து வாரம் வேலைக்குப் போகவில்லை.

• போன கூலி: 4,200 × 5 = 21,000 ரூபாய்
• தையல், இம்யூனோகுளோபுலின், மருந்து பில்கள்: 18,600
• ஆட்டோ: 2,400
• கூட இருந்து பார்த்துக்கொண்ட தங்கை வேலைக்குப் போகாத 12 நாள், நாளுக்கு 500 வீதம்: 6,000

இதுவரை 48,000. இவை காகிதம் காட்டி நிறுவும் இழப்புகள். இனி, வலிக்கும் மன உளைச்சலுக்கும் 50,000 கேட்பதாக வைத்துக்கொள்வோம். விரல் பிடிமானம் குறைந்துவிட்டது, வருமானம் ஈட்டும் திறன் 5 சதவீதம் குறைந்திருக்கிறது என்றால், ஆண்டு வருமானம் 2,18,400இல் 5 சதவீதம் 10,920. 26 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பு சொல்லும் பெருக்கெண் 17. ஆக 1,85,640. எல்லாம் சேர்த்து 2,83,640 ரூபாய்.

கவனிக்க வேண்டியது அந்த 5 சதவீதத்தை. மருத்துவர் எழுதும் ஊன சதவீதமும் வருமானத் திறன் இழப்பும் ஒன்றல்ல. விரல் மடங்காமை ஒரு கணக்கருக்குச் சிறிய இழப்பாக இருக்கலாம், தையல்காரருக்குப் பிழைப்பே அதுதான். என்ன வேலை, அந்த வேலையில் எந்த விரல் என்ன செய்கிறது என்பதை மனுவில் விளக்குங்கள். பீஸ் ரேட் ஆட்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. வாரக் கூலி எழுதும் நோட்டும் வங்கிக் கணக்கு, ஜிபே வரவுகளும் சான்றாக உதவும். குழந்தையின் முகத்தில் தழும்பு என்றால் பின்னாளில் தேவைப்படும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு மருத்துவரிடம் மதிப்பீடு வாங்கி இணைக்கலாம்.

தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். மேலே சொன்ன தொகைக்கு ஏறத்தாழ 8,500 ரூபாய். கட்ட முடியாதவர் வறியவராக வழக்குத் தொடர அனுமதி கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 எண்ணை அழையுங்கள்.

எதிர்த்தரப்பு சொல்லும் பதில்கள்

"நாயைச் சீண்டினார்." உண்மையாக இருந்தால் தொகை குறையும். ஆனால் சும்மா சொன்னால் போதாது, சொல்பவர்தான் நிறுவ வேண்டும். விவரம் தெரியாத சின்னக் குழந்தையின் மேல் இந்தப் பழி நிற்காது.

"எங்கள் காம்பவுண்டுக்குள் வந்தார்." சுவரேறிக் குதித்தவருக்கும் பால் பாக்கெட் போட வந்தவருக்கும் வித்தியாசம் உண்டு. வழக்கமாக வந்து போகிறவரின் பாதுகாப்பு வீட்டுக்காரர் பொறுப்பு.

"அது எங்கள் நாய் இல்லை, சோறு மட்டும்தான் போடுவோம்." சோறு போடுவதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். ஆனால் கழுத்தில் பட்டை, வீட்டுத் திண்ணையில் படுக்கை, கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போன சீட்டு என்று சேர்ந்தால் படம் மாறும். சந்தேகம் இருந்தால் வீட்டுக்காரர், உள்ளாட்சி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

பேசி முடிப்பது

அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமரசம் பல நேரம் நல்ல வழியே. அவசரச் சமரசம்தான் கூடாது. கடித்த மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் வருவார். "அண்ணே, ஊசிச் செலவு முழுக்க நான் பாத்துக்கறேன், கேஸ் கீஸுன்னு போக வேணாம்ணே" என்று 2,000 ரூபாயை நீட்டி, ஒரு தாளில் கையெழுத்தும் கேட்பார். பணத்தை வாங்கலாம், "சிகிச்சைச் செலவுக்கு முன்பணம்" என்று எழுதிக் கொடுங்கள். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசி ஊசி முடிந்து, காயம் ஆறி, விரல் மடங்குகிறதா என்று தெரிந்த பிறகு தொகையைப் பேசுங்கள். நாயைக் கட்டி வைப்பது, வாய்ப்பூட்டு, தடுப்பூசி ஆகியவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்குப் போட்டுவிட்டுச் சமரசம் பேசுவதானால் மக்கள் நீதிமன்றம் வசதி. அங்கே முடியும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

எப்போது எதைச் செய்வது

அன்றே: கழுவுதல், முதல் ஊசி, விவரம் எழுதிய ஏ.ஆர். பதிவு, படங்கள், சாட்சிகள் பெயர்.

மூன்று நாளுக்குள்: போலீஸ் புகார், சிசிடிவி பதிவு, தெருநாய் என்றால் உள்ளாட்சிக்கு மனு, பணியின்போது என்றால் முதலாளிக்குத் தகவல்.

ஒரு மாதத்துக்குள்: எல்லா ஊசிகளும், தகவல் உரிமை மனு, காயச் சான்றிதழுக்கு விண்ணப்பம், பில்களின் மொத்தக் கணக்கு.

மூன்று மாதத்துக்குள்: தொகையைக் குறிப்பிட்டு வக்கீல் நோட்டீஸ். அரசை எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதானால் சிவில் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. அதையும் கணக்கில் வையுங்கள்.

ஓராண்டுக்குள்: வழக்கு. தனிநபர் மேல் காயத்துக்கு இழப்பீடு கேட்கப் பொதுவாக மூன்றாண்டு அவகாசம் உண்டு. ஆனால் சட்டப்படியான கடமையில் தவறியதாக உள்ளாட்சியைச் சேர்க்கும்போது, காலவரையறைச் சட்டத்தின் 72ஆம் இனத்தைக் காட்டி, ஓராண்டுதான் அவகாசம் என்று வாதிடுவார்கள். அந்த வாதத்துக்கே இடம் தராதீர்கள். இறப்பு நேர்ந்திருந்தால் வாரிசுகளுக்கு இரண்டாண்டு. கடிபட்டவர் சிறுவர் என்றால் பெற்றோர் இப்போதே வழக்குப் போடலாம். போடாமல் விட்டிருந்தால், பதினெட்டு வயது ஆன பிறகு அவரே போட உரிமை உண்டு. ஆனால் அதற்குள் சாட்சிகள் ஊர் மாறியிருப்பார்கள், கேமரா பதிவு அழிந்திருக்கும், எதிர்வீட்டு நாயும் இருக்காது. முடிந்தவரை இப்போதே போட்டுவிடுங்கள்.